பொட்டு வெச்ச மெசின்

ஆமாங்க தம்பி, அதேதான். கண்ணுல மாட்டிக்கிற வீஆர் மெசினுதான். அட்டப்பெட்டி மேல படம் போட்டிருக்குதே, அத வெச்சுக் கண்டுபுடிச்சிட்டீங்களா? பவானியில ஏறுனதுல இருந்து நீங்க என்ற மடியவே பாத்துட்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. கேட்டா என்ன தப்பு, கேளுங்க. நீங்களும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கீங்களா? அப்ப சரியான ஆளு பக்கத்துலதான் ஒக்காந்திருக்கீங்க. பவானி சுத்துவட்டாரத்துல இந்த மெசினப் பத்தி என்னைய மாதிரி வெசாரிச்சவன் ஒருத்தன் இருக்க மாட்டான். என்ற பேரு துரைசாமிங்க. லாரி டயர் யாவாரம். டயர் விக்கிறவனுக்கு இது எதுக்குன்னுதான பாக்கறீங்க? எல்லாம் என்ற சகலையால வந்த வெனைங்க.

மொதல்ல வெலையச் சொல்லீர்றேன், நீங்க அதத்தான கேட்டீங்க. ஆயிரத்தி ஐநூறுக்கு ஒண்ணு இருக்குதுங்க. வெறும் பிளாஸ்டிக் டப்பா, நம்ம போனையே உள்ள சொருகிக்கோணும். அத மட்டும் வாங்கீராதீங்க. மூணாந்தடவ ரப்பர் ஒட்டுன டயரு மாதிரி அது, ஓடும், ஆனா எங்க வெடிக்கும்னு தெரியாது. அடுத்தது முப்பது முப்பத்தஞ்சாயிரத்துக்கு. அதுக்குப் போனும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், எல்லாம் உள்ளயே இருக்குது. மைலேஜ் மட்டும் கம்மி. ரெண்டு மணி நேரம் வெளையாடுனா பேட்டரி படுத்துக்கும். அதுக்கு மேல அம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒண்ணு. மூக்கு மேல கனம் கொறைவு, உள்ள எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும். இந்தா மடியில இருக்கறது அதுதான். அதுக்கும் மேல ஒண்ணு இருக்குது பாருங்க, பெரிய கம்ப்யூட்டரோட ஒயர் போட்டு மாட்டறது. லட்சத்தத் தாண்டுது. இப்ப நான் கோயமுத்தூருக்கு அதுக்குத்தான் போறேன். இதக் குடுத்துட்டு, மேல பணத்தப் போட்டு, அத எடுத்துட்டு வரப்போறேன்.

இதுக்கு எதிர்காலம் இருக்குதான்னு கேட்டீங்கன்னா, ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. ஒரு கடைக்காரன், ரெண்டு வருசம் பொறுங்க, பாதி வெலைக்கு வரும்ங்கறான். இன்னொருத்தன், இனிமேல் போனே இருக்காது, டிவியே இருக்காது, எல்லாரும் இதத்தான் மாட்டிக்கிட்டுத் திரிவாங்கங்கறான். என்ற பங்காளி ஒருத்தன், அந்தக் காலத்து வீடியோ டெக்கு போன எடத்துக்கே இதும் போகும், பரண் மேல எடம் ஒழிச்சு வைங்கறான். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், கைமாத்தி வித்தா இதுக்கு மதிப்பே இல்லீங்க. லாரின்னா ஓட்டித் தேச்சு வித்தாலும் இரும்பு வெலைக்காவது போகும்.

அப்பறம் எதுக்கு லட்ச ரூவாய்க்கு வாங்கறீங்கன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க.

என்ற மாமனாருக்குச் சங்ககிரிங்க. அர்த்தநாரின்னு பேரு. சங்ககிரின்னாலே லாரிதான, உங்களுக்குத் தெரியும். சொந்த லாரிய சொந்தக் கையில ஓட்டுனவரு. குஜராத்து, அசாம்னு அவரு போகாத ரோடு இல்ல. அவருக்கு ரெண்டும் பொண்ணு. மூத்தவ கலாமணி, என்ற சம்சாரம். எளையவ கோகிலா. அவளக் கட்டுனவன்தான் நவநீதன், என்ற சகலை. பெங்களூர் கம்பெனி வேலை, ஈரோட்டுல வூட்டுலயே ஒக்காந்து பாக்கறான். அந்த ஒக்காந்து பாக்கற வேலைக்கு என்ன சம்பளம்னு நான் கேக்கறதில்ல. எனக்கெதுக்கு அது? நான் யாரையும் பாத்துப் பொறாமைப்படற ஆளு இல்லீங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன்.

போன வருசத்துக்கு முந்துன வருசம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து, கையி தப்பிச்சுது, வலது காலு மட்டும் இழுத்துக்கிச்சுங்க. ஆக்சிலேட்டர் மிதிக்கற காலு. டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னுட்டாரு. லாரிய வித்தாச்சு. அதுல இருந்து மனுசன் பேச்சே இல்ல. பைபாஸ் ஓரத்துல வூடு, ரோட்டுல போற ஏர்ஹாரன் பூராவும் உள்ள கேக்கும். சேரத் திருப்பிப் போட்டுக்கிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்துக்குவாரு. சாப்பிட்டீங்களான்னா ம். மாத்திரை போட்டீங்களான்னா ம். நானும் வாரம் தவறாமப் போவனுங்க. "வாங்க மாப்ள" ம்பாரு. கெளம்பும்போது "போயிட்டு வாங்க மாப்ள" ம்பாரு. நடுவுல ஒண்ணுமில்ல.

பொங்கலுக்கு இந்த நவநீதன் வந்தான் பாருங்க, ஒரு வெள்ளப் பெட்டியத் தூக்கிக்கிட்டு. முப்பத்தஞ்சாயிரத்து மெசினு. அதுல லாரி ஓட்டற கேமு. நம்மூரு ரோடு, நம்மூரு டோல்கேட்டு, டீக்கடை, நடுரோட்டுல படுத்திருக்கற எரும முதக்கொண்டு இருக்குது. காலே வேண்டாம், கையில புடிக்கற ரெண்டு பொத்தானு போதும். மாமாவ சேர்ல ஒக்கார வெச்சு மாட்டிவிட்டான். மனுசன் தலைய இப்படி அப்படித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் கையத் தூக்கினாரு. ஸ்டியரிங்கப் புடிச்ச மாதிரி ரெண்டு கையும் காத்துல நிக்குது. கியர் மாத்தறாரு. கண்ணாடியத் திருப்பறாரு. எதிர்ல வந்தவன ஒரு கெட்ட வார்த்தை சொன்னாரு பாருங்க, அட சாமி, வூடே சிரிச்சுது. மாமியா அடுப்படியில இருந்து ஓடியாந்து முந்தானையில கண்ணத் தொடைச்சுக்கிட்டு, "கோகிலா, மொதல்ல உன்ற ஊட்டுக்காரருக்கு எலையப் போடு"ன்னாங்க.

கேட்டீங்களா? மொதல்ல யாருக்கு? எளைய மாப்பிள்ளைக்கு! மூத்த மாப்பிள்ளை நான் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கிறேன். கல்யாணமாயி இத்தன வருசத்துல அந்த வூட்டுல எனக்குத்தான் மொதல் எல, எனக்குத்தான் மொதல் சந்தனம். அன்னைக்கு ரெண்டாவதா ஒக்காந்தேன். சோறு எறங்கலீங்க. பருப்புல உப்பு இல்லைன்னு கலாமணி மேல எரிஞ்சு விழுந்தேன். உப்பெல்லாம் இருந்துச்சுன்னு அவ சொன்னா. அவளுக்குத் தங்கச்சி புருசன் கொண்டாந்தா எல்லாமே உப்பாத்தான் இருக்கும்.

எளப்பமா விட்டுருவமா? அடுத்த வாரமே நானும் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். அந்த ஆயிரத்தி ஐநூறு டப்பா. வெவரம் தெரியாம வாங்கிட்டனுங்க. மாட்டிவிட்டு, "மாமா, நல்லாருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். நல்லாருக்குது மாப்ளன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டாரு. சட்டையெல்லாம் போச்சு. நவநீதன் ஓடியாந்து தண்ணி குடுத்து, "பரவால்லீங்ணா, இந்த டப்பால எல்லாருக்கும் அப்படித்தானுங்"கறான். எனக்கு ஆறுதல் சொல்றானாமா! வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. சிரிச்சிருந்தாக் கூட ஒரு அறையக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

அதுக்கப்பறம்தான் நான் வெசாரிக்க ஆரம்பிச்சதுங்க. ஈரோடு, சேலம், கோயமுத்தூர்னு கடை கடையா ஏறி எறங்குனேன். கனம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, படம் தெளிவா, வாந்தி வருமா. கடைசியில இத எடுத்தேன். அவனோடத விட ஒண்ணரை மடங்கு வெலை. எடுத்தேன், ஆனா உடனே குடுக்கல. ஆயுத பூசைக்குத்தான் குடுக்கறதுன்னு வெச்சேன். எங்காளுகளுக்குத் தீவாளி பொங்கல் எல்லாம் அப்பறந்தான், வண்டிக்காரனுக்கு ஆயுத பூசதான் நோம்பி. அன்னைக்குச் சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் வரும், எல்லாரு முன்னாடியும் குடுக்கோணும், அந்த நவநீதன் பாக்கோணும்.

பூசை நம்ம கையாலதானுங்க. வித்த லாரியோட பழைய ஸ்டியரிங்கு ஒண்ணு மாமா வெச்சிருக்காரு. அதோட பக்கத்துல மெசின வெச்சு, மால போட்டு, பொட்டு வெச்சேன். சித்தெ இருங்க, பெட்டியத் தொறந்து காட்டறேன். இந்தா பாருங்க, முன்னாடி நாலு வட்டம் இருக்குதுங்களா? பொட்டு வெக்கறதுக்குன்னே செஞ்சாப்புல இல்ல? நாலுலயும் சந்தனத்த அப்பி, நடுவுல குங்குமம். மெசினுக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, வெளிய பூசணிக்கா ஒடச்சு, சூடம் காட்டி, அப்பறந்தான் மாமா தலையில மாட்டுனேன்.

ஒண்ணும் வல்லீங்க தம்பி. இருட்டு. உள்ள இங்கிலீசுல ஏதோ எழுத்து ஓடுதுன்னாரு. கோகிலா மாட்டிப் பாத்து, "சுத்தி என்ன இருக்குதுன்னு மெசினுக்குத் தெரியலையாமா"ங்கறா. அம்பதாயிரம் போட்டு வாங்குன மெசினுக்குத் தெரியலையாம்! அத்தன ஒறம்பரையும் என்ற மூஞ்சியப் பாக்குது. எனக்கு அப்பவே வெளங்கிப் போச்சுங்க, கண்ணு பட்டுருச்சுன்னு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நான் பெட்டியத் தொறந்தப்பவே நவநீதன் ஒரு பார்வ பாத்தான், "அடேங்கப்பா, புது மாடலுங்களா அண்ணா"ன்னு. அந்தக் கண்ணுதான்.

அதோட விட்டானா? கிட்ட வந்து காதோரமா, "அண்ணா, அந்த நாலு வட்டமும் கேமராங்க. சந்தனம் மறச்சுக்கிச்சு. தொடைச்சாச் சரியாயிரும்"ங்கறான். எனக்கு வந்துது பாருங்க கோவம். பூசைக்கு வெச்ச பொட்ட நோம்பி நாளும் அதுவுமா அழிக்கறதா? "தொடாதீங்க"ன்னுட்டேன். பெட்டியில போட்டு மூடி, மடியில வெச்சுக்கிட்டேன். அவனும் விடாம, "தொடைச்சு வெச்சா நல்லதுங்ணா. உங்க மெசினும் என்ற மெசினும் இருந்தா ரெண்டு பேரு ஒரே லாரில போலாம். மாமா ஓட்டுவாரு, நீங்க பக்கத்து சீட்ல ஒக்காந்துக்கலாம்"ங்கறான்.

பக்கத்து சீட்டு. புரியுதுங்களா அவனோட குசும்பு? லாரியில பக்கத்து சீட்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? கிளீனர் சீட்டு.

சொல்றதுக்கென்ன. நான் மாமாகிட்டக் கிளீனரா இருந்தவந்தானுங்க. தூரத்துச் சொந்தம், மீச மொளைக்கறதுக்கு முன்னாடியே அவரு லாரியில ஏறிட்டேன். டயர் கழட்டறது, கண்ணாடி தொடைக்கறது, அவரு ரிவர்ஸ் எடுக்கும்போது கதவத் தட்டி வரலாம் வரலாம்னு கத்தறது. அப்பறம் என்னமோ பையன் நல்ல பையன்னு அவரே பொண்ணக் குடுத்து, டயர் கடையும் வெச்சுக்கச் சொன்னாரு. கல்யாணத்தன்னைக்கு மாலையோட மணவறைல நிக்கிறேன், "வாங்க மாப்ள"ன்னாரு. எனக்குக் கூச்சத்துல ஒடம்பே சிலுத்துப்போச்சு. அதுல இருந்து வாங்க போங்கதான், மாப்ளதான். நான் கிளீனரா இருந்த கதைய நவநீதன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கலாமணிகிட்டக் கண்டிசனாச் சொல்லி வெச்சிருந்தேன்.

அன்னைக்கு அதும் போச்சுங்க. என்ற மெசினு ஓடலைன்னதும், பாவம் மாமா ஆசையா ஒக்காந்துட்டாரேன்னு, நவநீதனோட மெசினையே மாட்டிவிட்டாங்க. நான் மூலைல பெட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். மாமா வண்டிய எடுத்தாரு. மேடு ஏறுனாரு. ஏதோ சந்துக்குள்ள விட்டிருப்பாரு போல, தலைய லெப்ட்ல சாச்சு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "டேய் தொரை, லெப்ட்ல பாருடா. தூங்கிட்டியா நாயே? கதவத் தட்டுடா"ன்னாரு.

வூடு நெறைய ஒறம்பரைங்க. சகலையும் நிக்கிறான். மூத்த மாப்பிள்ளைய நாயேங்கறாரு. சித்த நேரம் கழிச்சு, "டீ குடிக்கலாமா தொரை? எறங்கி டயரத் தட்டிப் பாத்துட்டு வாடா"ங்கறாரு. அவருக்குச் சுத்தி யாரு இருக்காங்கன்னு தெரியாதுல்ல, கண்ணு மறச்சிருக்குது. எல்லாரும் சிரிக்கறாங்க. கலாமணியும் சிரிக்கறா. எனக்கு மானமே போச்சு. எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டேன். பின்னாலயே நவநீதன் வந்து செருப்பத் தேடற மாதிரி நின்னுக்கிட்டு, "பாத்தீங்களாண்ணா? மெசினு வாங்கிக் குடுத்தது நானு, வாரா வாரம் சார்ஜ் போட்டு மாட்டிவிடறது நானு. பொங்கல்ல இருந்து பாக்கறேன், என்னைய ஒருக்கா வண்டியில ஏத்தலீங்க. எப்பப் போட்டாலும் தொரை தொரைதான். அது யாருன்னு கோகிலாகிட்டக் கேட்டேன், உங்க துரைசாமி அண்ணன்தான்னா"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சான். எப்படிக் குத்தறான் பாத்தீங்களா? சாப்பிடாமக்கூட வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். அதுல இருந்து சங்ககிரிப் பக்கமே போகல.

அதுக்குத்தானுங்க இந்த லட்ச ரூவா மெசினு. அவன் மெசினு அந்த வூட்டுல இருக்கக் கூடாது. அதுல ஏறுனாத்தான மாமா பழசெல்லாம் ஒளறறாரு.

என்னங்க தம்பி? சொல்லுங்க, என்னமோ கேக்க வந்து முழுங்கறீங்க.

மாமா நவநீதன என்னன்னு கூப்புடுவாருன்னா? மாப்ளன்னுதான். வாங்க மாப்ள, போங்க மாப்ள. என்னையும் அதேதான். ரெண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே மரியாதைதானுங்க, அதுல மாமா சுத்தம்.

இல்ல, வண்டிக்குள்ளயா? வண்டிக்குள்ள அவனக் கூப்புடறதில்லைன்னுதான சொன்னேன். அவன் சொன்னானே, ஒருக்காக்கூட ஏத்தலைன்னு. யாரையும் ஏத்தறதில்ல. தொரைய மட்டுந்தான்.

தொரைய மட்டுந்தான்.

நவநீதன் சிரிச்சான்னு சொன்னேன் பாருங்க. இப்ப நெனச்சுப் பாத்தா அது சிரிப்பு மாதிரி இல்லீங்க. மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. பொங்கலன்னைக்குப் பந்தியில ரெண்டாவதா ஒக்காந்திருந்தப்ப என்ற மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும். அடக் கெரகமே, அவனுக்கு என்ற மேலயா? மாசம் அத்தன சம்பளம் வாங்கிக்கிட்டு, மெசினையும் வாங்கிக் குடுத்துட்டு, ஒரு கிளீனர் மேலயா வயித்தெரிச்சல் படறான்?

ஆனா அவன் படறதுல நாயம் இருக்குதுங்க தம்பி. ஏன்னா எனக்கே படுது. சிரிக்காதீங்க. அந்தத் தொரை பயலப் பாத்தா எனக்கே வயித்தெரிச்சலா இருக்குது. அவனுக்குத்தான் எல்லாம் கெடச்சுது. கௌஹாத்தி ரோட்டுல மழையில அவரு போர்வையப் பாதி கிழிச்சுக் குடுத்தது அவனுக்கு. டயர் வெடிச்சப்ப செவுனியில ஒரு அறை வெச்சுட்டு, அப்பறம் பரோட்டா வாங்கிக் குடுத்தது அவனுக்கு. மாப்பிள்ளைக்கு என்ன கெடச்சுது? மொதல் எலயும் மொதல் சந்தனமும். அந்த மணவறைல "வாங்க மாப்ள"ன்னு அவரு சொன்னதுக்கப்பறம், எத்தன வருசமாச்சு, என்னைய ஒரு மனுசன் டேய்னு கூப்புடலீங்க. எங்கப்பன் செத்தாச்சு, அம்மா செத்தாச்சு. கடைக்கு வர்றவனெல்லாம் மொதலாளிங்கறான்.

அந்தத் தொரை பய பக்கத்துல இல்லைன்னுதான் மாமா செவுத்தப் பாத்து ஒக்காந்திருந்தாரே தம்பி. பக்கத்துல நானும் மாப்பிள்ளையாட்டம் மல்லு வேட்டியக் கசங்காமப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

அந்தத் தண்ணி பாட்டல இப்படிக் குடுங்க. கர்ச்சீப் இருக்குதா? பரவால்ல, வேட்டி முனையே போதும். இந்தச் சந்தனம் காஞ்சு போயி ஒட்டிக்கிச்சுங்க சனியன், என்னமா அப்பியிருக்கேன் பாருங்க. மெதுவாத் தேக்கோணும், கீறல் வுழுந்துரக் கூடாது. லாரிக் கண்ணாடி தொடைச்ச கைதான, அதெல்லாம் மறக்காது. நீங்க அந்தப் பக்கத்து வட்டத்தச் சித்தெ வெளிச்சத்துல காட்டுங்க. குங்குமம் போயிருச்சா?

ஆத்தா மாரியாத்தா, பொட்ட அழிக்கறதுக்கு மன்னிச்சுக்க. மெசின அழிக்கல, கண்ணத் தொறந்துதான் விடறேன்.

ஏனுங்க கண்டக்டர், அவினாசி வந்துருச்சா? நில்லுங்க, எறங்கிக்கறேன். கோயமுத்தூருக்குத்தான் சீட்டு வாங்குனேன், இருக்கட்டும், பாக்கியெல்லாம் வேண்டாம். எதுத்தாப்புல சங்ககிரி வழி வண்டி வருதான்னு பாக்கோணும்.

தம்பி, நீங்க மெசினு வாங்கறதுன்னா அந்த முப்பத்தஞ்சாயிரத்தையே வாங்குங்க, போதும். உங்க போனச் சித்தெ குடுங்க, என்றதுல சார்ஜ் இல்ல. நவநீதன் நம்பர் எனக்கு மனப்பாடம்.

அலோ, நவநீதா, நான் துரைசாமி பேசறேன். ஆமா, அண்ணன்தான். சங்ககிரிக்கு வந்து உன்ற மெசினுக்குச் சார்ஜ் போட்டு வெய்யி சாமி, என்றதையும் கொண்டாரேன். மாமாகிட்ட வேற ஒண்ணும் சொல்லாத. லெப்ட்ல ஆளு ஏறிட்டான்னு மட்டும் சொல்லு.